எக்செல் 2003 இலிருந்து 2021: ஃபோர்மைக் காணேல்லை, ஷெயாரைக் காணேல்லை, ஈபிஎஃப் பூச்சியம் காட்டுது

கணக்குப்பிள்ளை:

வணக்கம். யாழ் ரவுனில் இருக்கிற ஒரு கடையின்ர சம்பளக் கோப்பு. எக்செல் 2003 இல் கட்டினது. சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை எண்டு மூண்டு கிளைக்கு மூண்டு சீற், நாலாவதில் மொத்தம். ஆக்களின்ர பெயர் முழுக்கப் பாமினியில் (ஆங்கில விசைகளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டுற பழைய எழுத்துரு) அடிச்சது. எக்ஸ்பி மெசினை ஓரங்கட்டிவிட்டு விண்டோஸ் 11 உம் ஒஃபிஸ் 2021 உம் போட்டாச்சு. மக்ரோ (தானாக வேலை செய்யிற கட்டளைத் தொகுப்பு) இருக்கிறபடியால் கோப்பை .எக்ஸ்எல்எஸ்எம் ஆக மாற்றிச் சேமிச்சது. மாற்றேக்கை பெயர்கள் ஏதோ கல முகவரியோட முட்டுது எண்ட மாதிரி ஒரு செய்தி வந்தது.

இப்ப டேற்றா மெனுவில் இருந்த ஃபோர்ம் (ஒவ்வொரு நிரையாகப் பதியிற பெட்டி) இல்லை. மூண்டு சீற்றையும் சேர்த்துப் பிவட் (சுருக்க அட்டவணை) போடுற விஸார்ட் இல்லை. ரூல்ஸ் மெனுவில் இருந்த ஷெயார் வேர்க்புக் இல்லை. கைவிரல் மெசின் தாற ரெக்ஸ்ற் பைலை இழுத்தால் பழைய மூண்டு படி விஸார்ட் வராமல் வேற ஒரு சன்னல் திறக்குது. சொந்தமாகச் செய்து வைச்ச ரூல்பாரும் போட்டுது.

பெரிய தலையிடி இதுதான்: மக்ரோவை ஓட்டினால் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) கழிவு எல்லாருக்கும் 0. பிழைச் செய்தி ஒண்டும் இல்லை. சீற்றில் நேரடியாக இருக்கிற சூத்திரம் மட்டும் சரியான தொகையைக் காட்டுது. மக்ரோ நிரப்புற நிரல்தான் பூச்சியம். எங்க பாக்கிறது?

கொக்குவில்காரன்:

பூச்சியக் கதையை ஆராவது ஆறுதலாகச் சொல்லுவினம். மற்றதுகள் ஒண்டும் தொலையேல்லை, 2007 இல் மெனுவுக்குப் பதிலாக மேலே ரிபன் வந்த பிறகு ஒவ்வொண்டாக எடுத்து உள்ளுக்குப் போட்டவை.

ஃபோர்ம்: தலைப்பு நிரைக்குக் கீழ் ஒரு கலத்தில் நிண்டு ஆல்ட் அழுத்தி விட்டு டி, பிறகு ஓ. மூண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டாம், ஒண்டுக்குப் பிறகு ஒண்டு. ஆல்ட், டி அடிச்சதும் மேலே ஒரு சின்னப் பெட்டி வந்து பழைய வேர்சன் மெனு விசைகளைத் தொடரச் சொல்லும், பயப்பிட வேண்டாம். 32 நிரலுக்கு மேல் இருந்தால் ஃபோர்ம் திறக்காது. இது 2003 இலும் இருந்த எல்லைதான், ஆனால் புதுசில் நிரல்களைக் கூட்டினவுடன முட்டுவீங்கள். மக்ரோவுக்குள்ளால் ஷோடேற்றாஃபோர்ம் கூப்பிடுறதெண்டால் பட்டியல் சீற்றின்ர இடது மேல் மூலையில், ஏ1 இலிருந்து பி2 க்குள் தொடங்க வேணும். இல்லாட்டி பட்டியலுக்கு டேற்றாபேஸ் எண்டு பெயர் குடுத்து வையுங்கோ.

பிவட் விஸார்ட்: ஆல்ட், டி, பி. முதல் திரையில் மல்ரிப்பிள் கொன்சொலிடேஷன் றேஞ்சஸ், அடுத்ததில் பேஜ் ஃபீல்ட்டை நீங்களே செய்யிற தெரிவை எடுங்கோ. எண்ணிக்கை 1 போட்டு ஒவ்வொரு வீச்சுக்கும் கிளைப் பெயரை அடியுங்கோ. இதில் ஒரு பொல்லாப்பு: முதல் நிரல் மட்டும்தான் நிரைத் தலைப்பாக நிக்கும், மிச்சம் எல்லாத்தையும் தொகையாகத்தான் பார்க்கும். இடையில் பதவி, திகதி மாதிரி நிரல் கிடந்தால் கூட்டுத்தொகைக்குப் பதிலாக எண்ணிக்கை வந்து நிக்கும். ஆளிலக்கம், அதுக்குப் பக்கத்தில் தொகைகள் எண்டு வீச்சைத் தெரிவு செய்யுங்கோ.

ரெக்ஸ்ற் விஸார்ட்: பைல் > ஒப்ஷன்ஸ் > டேற்றா போய், கீழே லெகசி டேற்றா இம்போர்ட் விஸார்ட்ஸ் எண்ட இடத்தில் ஃப்ரொம் ரெக்ஸ்ற் க்கு சரி போடுங்கோ. பிறகு டேற்றா > கெற் டேற்றா > லெகசி விஸார்ட்ஸ் க்குள் இருக்கும். மூண்டாம் படியில் தேசிய அடையாள அட்டை நிரலைத் தெரிஞ்சு ரெக்ஸ்ற் எண்டு மாற்ற மறக்க வேண்டாம். பழைய அட்டையில் 9 இலக்கத்துக்குப் பிறகு எழுத்து வாறபடியால் தானாகவே ரெக்ஸ்ற் ஆகிடும். புது அட்டை 12 இலக்கம் வெறும் எண். ஜெனரல் வடிவத்தில் 12 இலக்கத்தை எக்செல் அடுக்குக்குறியாகச் சுருக்கிக் காட்டும்.

ரூல்பார்: ரிபனில் அட்-இன்ஸ் எண்ட தாவலைத் திறவுங்கோ, கோப்போட இணைச்சு வைச்சதெண்டால் அங்க கஸ்ரம் ரூல்பார்ஸ் எண்டு கிடக்கும்.

நிரல்நிரை:

பூச்சியத்துக்கு வருவம். உங்கட கோப்பில் ஈபிஎஃப்8, ஈபிஎஃப்12, ஈடிஎஃப்3 எண்ட மாதிரிப் பெயர் வைச்ச கலங்கள் இருக்கும், பந்தயம் பிடிக்கலாம். ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈடிஎஃப்) 3 எண்டு எல்லாரும் இப்பிடித்தான் பெயர் வைக்கிறது. ஆங்கில எழுத்தில் அடிச்சால் மூண்டுமே மூண்டெழுத்தும் ஒரு எண்ணும்.

2003 இல் ஒரு சீற்றுக்கு 256 நிரல், கடைசி நிரல் ஐவி. அதால மூண்டெழுத்துப் பெயர் எதுவும் கல முகவரியோட முட்டாது. 2007 இலிருந்து 16,384 நிரல், கடைசி எக்ஸ்எஃப்டி. அதாவது ஈபிஎஃப் எண்டது இப்ப ஒரு நிரல். ஈபிஎஃப்8 அந்த நிரலின்ர எட்டாவது கலம். வெறுங்கலம்.

கோப்பு .எக்ஸ்எல்எஸ் ஆகக் கிடக்கும்வரை புது எக்செல்லும் அதைப் பழைய 65,536 நிரை, 256 நிரல் அளவிலதான் திறக்கும், பிரச்சினை வராது. மாற்றினவுடன முட்டும். அப்ப எக்செல் அந்தப் பெயர்களுக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டு, கலங்களில் இருக்கிற சூத்திரங்களையும் சேர்த்துத் திருத்திவிடும். உங்களுக்கு வந்த செய்தி அதுதான். ஆனால் மேற்கோள்குறிக்குள் எழுத்தாகக் கிடக்கிற பெயரை அது தொடாது. மக்ரோவில் றேஞ்ச் எண்டு போட்டு மேற்கோளுக்குள் ஈபிஎஃப்8 எண்டு எழுதியிருந்தால், அது இப்ப உங்கட 8 வீதத்தைப் பாக்காது, அந்த வெறுங்கலத்தைப் பாக்கும். வெறுங்கலம் கணக்கில் 0. சம்பளம் 60,000 எண்டால் 4,800 கழிய வேண்டிய இடத்தில் ஒண்டும் கழியாது, கைக்குப் போற காசு 4,800 கூட. செல்லுபடியான முகவரி எண்டபடியால் பிழைச் செய்தி வர வழியே இல்லை. எழுத்தாகக் குடுத்த பெயரை முகவரியாக வாசிக்கிற இண்டிரெக்ற் சூத்திரம் இருந்தால் அதுக்கும் இதே கதிதான்.

திருத்துற விதம்:

கொன்ட்ரோல் எஃப்3 அடிச்சு நேம் மனேஜரைத் திறவுங்கோ. முன்னால் அடிக்கோடு ஒட்டின பெயர்களை ஒவ்வொண்டாக எடிற் பண்ணி அடிக்கோட்டை எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் போடுங்கோ: ஈபிஎஃப்_8, ஈபிஎஃப்_12, ஈடிஎஃப்_3. சீற் சூத்திரங்கள் தானாக மாறும். பிறகு ஆல்ட் எஃப்11, கொன்ட்ரோல் எச். தேடுற சொல்லை மேற்கோள்குறியோட சேர்த்து அடியுங்கோ, இல்லாட்டி வேற மாறிகளின்ர பெயருக்குள்ளும் புகுந்து மாற்றும். தேடல் எல்லையை கரன்ற் ப்ரொஜெக்ற் எண்டு வையுங்கோ.

ஐவி நிரலைத் தாண்டின ஈரெழுத்துக்குப் பிறகு எண் வாற பெயர்களும் இதில் அடங்கும், மேலதிக நேரத்துக்கு ஓடி2008 எண்டு ஆண்டோட வைச்சிருந்தால் அதுவும் இப்ப ஒரு கலம். நாலெழுத்தெண்டால் பயமில்லை, வருமான வரிக்கு ஏபிஐடி1 எண்டு வைச்சது தப்பும்.

இன்னொண்டு. மக்ரோ அந்தப் பெயர்களுக்கு மதிப்பு எழுதியும் இருந்தால் அந்தத் தூரக் கலங்கள் இப்ப நிரம்பிக் கிடக்கும். ஒவ்வொரு சீற்றிலும் கொன்ட்ரோல் எண்ட் அடியுங்கோ. திரை வலப்பக்கம் எங்கேயோ பாய்ஞ்சு போனால் அதுதான். அந்த நிரல்களை முழுசாக டிலீற் பண்ணிச் சேமியுங்கோ. கோப்புப் பருத்ததும் பிறின்ற் எடுக்கேக்க வெறும் பக்கம் வாறதும் அதோட நிண்டிடும்.

மக்ரோவில் 65536 எண்ட எண்ணையும் தேடுங்கோ. கடைசி நிரையைக் கண்டுபிடிக்க ஏ65536 இலிருந்து மேலே ஏறுற பழைய வழி சம்பளப் பட்டியலுக்குப் போதும், கைவிரல் மெசின் பதிவு வருசக்கணக்காகச் சேரேக்க போதாது. றோஸ் டொட் கவுண்ட் எண்டு மாற்றிவிடுங்கோ.

கணக்குப்பிள்ளை:

நேம் மனேஜரில் சொன்னபடியே அடிக்கோட்டோட ஐந்து பெயர் நிண்டது. மாற்றியாச்சு, கழிவு சரியாக வருகுது. நன்றி அண்ணை.

இப்ப வேற சீற்றில் இருக்கிற இன்னொரு மக்ரோ நிக்குது. லெஃப்ற் எண்ட சாதாரண ஃபங்ஷனில் மஞ்சள் கோடு விழுந்து ப்ரொஜெக்ற் அல்லது லைப்ரரியைக் காணேல்லை எண்டு சொல்லுது. அந்த மக்ரோ திறக்கிற ஃபோர்மில் திகதி தெரியிற கலண்டரும் இருந்தது.

தட்டாதெரு:

லெஃப்ற் இல் பிழை இல்லை, அதை ஒண்டும் செய்ய வேண்டாம். ஆல்ட் எஃப்11 > ரூல்ஸ் > றெஃபரன்ஸஸ் திறவுங்கள். பட்டியலில் மிஸ்ஸிங் என்று தொடங்கும் வரி ஒன்றோ இரண்டோ சரி போட்டபடி இருக்கும். ஒரு லைப்ரரி காணாமல் போனாலே விபிஏ (மக்ரோ மொழி) மற்றவற்றையும் ஒழுங்காகத் தேடாது, அதனால் லெஃப்ற், டேற், ஃபோர்மற் போன்ற அப்பாவிகளில் போய் விழும். மிஸ்ஸிங் வரியின் சரியை எடுத்தால் லெஃப்ற் ஓடும்.

ஆனால் அந்த மிஸ்ஸிங் எது என்று முதலில் வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதுதான் உங்கள் கலண்டர். பழைய மைக்ரோசொஃப்ற் கலண்டர் கொன்ட்ரோலை ஒஃபிஸ் 2010 இலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பலர் பாவித்த டேற் பிக்கர் 32-பிற்றுக்கு மட்டுமானது. ஒஃபிஸ் 2021 வழமையாக 64-பிற்றாகத்தான் நிறுவப்படும். பைல் > அக்கவுண்ட் > அபவுட் எக்செல் திறந்தால் முதல் வரியின் முடிவில் எத்தனை பிற் என்று இருக்கும்.

64-பிற் என்றால் இணையத்தில் கிடைக்கும் ஓசிஎக்ஸ் கோப்பை இறக்கி சிஸ்டம் போல்டரில் போட்டு மினைக்கெட வேண்டாம். 32-பிற் ஓசிஎக்ஸ் 64-பிற் எக்செல்லுக்குள் ஏறவே ஏறாது. முன்னே இரண்டு வழி இருக்கிறது. 64-பிற் ஒஃபிஸை முழுசாகக் கழற்றிவிட்டு 32-பிற்றை நிறுவலாம், இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. அப்படிச் செய்தாலும் 2010 இல் எடுத்த கலண்டர் தானாகத் திரும்பி வராது, டேற் பிக்கருக்குத்தான் வழி திறக்கும். மற்றது, கலண்டரைத் தூக்கிவிட்டு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கொம்போ பொக்ஸ் வைத்து, டேற்சீரியலில் சேர்ப்பது. நான் சொல்வேன் இரண்டாவதை. இனி எத்தனை வேர்சன் மாறினாலும் அது உடையாது. அதோடு 31/04 போல இல்லாத திகதியை டேற்சீரியல் சத்தமில்லாமல் 01/05 ஆக்கிவிடும் என்பதால், கிடைத்த திகதியின் மாதமும் தெரிவு செய்த மாதமும் ஒன்றா என்று ஒரு வரி சோதனை போடுங்கள்.

மக்ரோவின் உச்சியில் டிக்ளேர் என்று தொடங்கும் வரிகள் இருந்தால் 64-பிற்றில் அவை சிவப்பாகி நிற்கும். டிக்ளேருக்குப் பின் பிரற்சேஃப் சேர்க்க வேண்டும், விண்டோ கைப்பிடி, நினைவக முகவரி ஏந்துகிற லோங் மாறிகளை லோங்பிரற் ஆக்க வேண்டும். எல்லா லோங்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது பிழை, சாதாரண எண்ணிக்கைகள் லோங்காகவே இருக்கட்டும்.

அப்ளிகேஷன் டொட் ஃபைல்சேர்ச் பாவித்திருந்தால் அது 2007 உடன் போய்விட்டது. டிர் ஃபங்ஷனில் ஒரு சுற்று எழுதினால் அதே வேலை நடக்கும்.

கொக்குவில்காரன்:

ஷெயாரை விட்டிட்டன். பைல் > ஒப்ஷன்ஸ் > குவிக் அக்சஸ் ரூல்பார், மேலே ஓல் கொமாண்ட்ஸ் தெரியுங்கோ. ஷெயார் வேர்க்புக், ட்ரக் சேஞ்சஸ், ப்ரொட்டெக்ற் ஷெயாரிங் மூண்டும் பின்னால் லெகசி எண்டு ஒட்டி நிக்கும், ஆட் குடுங்கோ. அமத்தேக்க தனியுரிமை அமைப்பு தடுக்குது எண்டு சொன்னால் ட்ரஸ்ற் சென்ரர் > ப்ரைவசி ஒப்ஷன்ஸில், சேமிக்கேக்க தனிப்பட்ட விபரத்தை நீக்கிற தெரிவில் இருக்கிற சரியை எடுங்கோ. ரேபிள் ஆக்கின வீச்சு ஏதும் இருந்தால் ஷெயார் ஆகாது. முதலில் கன்வேர்ட் ரு றேஞ்ச்.

லோக்கல் நெற்வேர்க்கில் ஓடும், இணையம் தேவையில்லை. கரண்டும் லைனும் வந்து வந்து போற இடத்தில் அது பெரிய விசயம்.

நிரல்நிரை:

கொக்குவில்காரன் சொல்லுற படி வேலை செய்யும், அதில் பிழை இல்லை. ஆனால் சம்பளக் கோப்பை அந்தப் பழைய ஷெயாரில் விடுறதுக்கு நான் உடன்பட மாட்டன். ஷெயார் ஆகி இருக்கேக்க கலங்களைச் சேர்க்கேலாது, சீற் பாதுகாப்பை மாற்றேலாது, மக்ரோவைத் திருத்தேலாது. மாற்ற வரலாறு வழமையாக 30 நாளுக்குச் சேரும், கோப்பு வீங்கும். இரண்டு பேர் ஒரே கலத்தை மாற்றினால் கடைசியாகச் சேமிக்கிறவருக்கு ஒரு பெட்டி வரும், அவர் தன்ர மாற்றத்தைத் தெரிஞ்சால் மற்றவரின்ர போச்சு. புது முறை கோ-ஓதரிங் (பல பேர் ஒரே நேரத்தில் திருத்திறது), அது 2021 இல் இருக்கு. ஆனால் கோப்பு வண்ட்றைவில் அல்லது ஷெயார்பொயின்ற்றில் இருக்க வேணும். லோக்கல் போல்டரில் நடக்காது.

மூண்டு கிளைக்கும் ஒரே கோப்பு ஏன்? கிளைக்கொரு கோப்பு, ஒரே தலைப்பு, ஒரே நிரல் ஒழுங்கு. எல்லாத்தையும் ஒரு போல்டரில் போட்டு, மொத்தக் கோப்பில் டேற்றா > கெற் டேற்றா > ஃப்ரொம் பைல் > ஃப்ரொம் போல்டர். கொம்பைன் குடுத்தால் பவர் குவெரி மூண்டையும் ஒண்டுக்குக் கீழ் ஒண்டாக அடுக்கித் தரும், எந்தக் கோப்பிலிருந்து வந்தது எண்ட நிரலும் கூடவே வரும். மாத முடிவில் றிஃப்ரெஷ் ஓல் மட்டும்தான். அதுக்கு மேல் சாதாரண பிவட் போட்டால் ஆல்ட், டி, பி யும் தேவைப்படாது, பதவி நிரலும் தப்பும். கோப்பு மூண்டிலும் சீற்றின்ர பெயர் ஒண்டாக இருக்க வேணும், ஒண்டில் சீற்1 மற்றதில் சம்பளம் எண்டு கிடந்தால் சேர்க்கேக்க பிழை அடிக்கும்.

கிளையிலிருந்து மக்ரோக் கோப்பு ஈமெயிலிலோ வட்ஸ்அப்பிலோ வந்தால் மேலே சிவப்புப் பட்டை வந்து மக்ரோ தடைப்படும். கோப்பில் வலது கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், கீழே அன்பிளொக். தெரிஞ்ச ஆள் அனுப்பினதெண்டால் மட்டும்.

பழைய எழுத்து:

பாமினியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. புது ஒஃபிஸ் போட்ட கையோட பெயர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகத் தொடங்கும், கவனியுங்கோ.

ஓட்டோகரெக்ற் இல் ஒரு தெரிவு இருக்கு, சொல்லின்ர தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் இரண்டாவதைச் சின்னதாக்கிறது. பழைய மெசினில் ஆரோ நிற்பாட்டி வைச்சிருப்பினம், புதுசில் அது திரும்பவும் இயங்கிக்கொண்டிருக்கும். பாமினியில் மு, ரு, கு, து எல்லாம் பெரிய எழுத்து விசைகள். முருகன் எண்டு அடிக்க முதல் இரண்டு விசையும் பெரிய எழுத்து. அடிச்சு முடிய எக்செல் இரண்டாவதைச் சின்னதாக்கும், ரு போய் ர வரும், கலத்தில் முரகன் எண்டு நிக்கும். குமுதினி அடிச்சால் குமதினி. பைல் > ஒப்ஷன்ஸ் > ப்ரூஃபிங் > ஓட்டோகரெக்ற் ஒப்ஷன்ஸ் போய், கரெக்ற் ரூ இனிஷியல் கப்பிற்றல்ஸ் எண்ட தெரிவின்ர சரியை எடுங்கோ. வாக்கியத்தின்ர முதலெழுத்தைப் பெரிசாக்கிற தெரிவையும் சேர்த்து எடுக்கிறது நல்லம்.

மேலே சொன்ன ஃபோர்ம் பெட்டியில் பெயர்கள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், அது விண்டோஸ் எழுத்துருவில் காட்டுற பெட்டி, எழுத்துருவை மாற்ற வழியில்லை. சீற் தாவலுக்கும் அப்பிடித்தான். யுனிகோட்டுக்கு மாற்றினால் இரண்டும் சரியாகும். மாற்றுறதெண்டால் எல்லாச் சீற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கோ. ஒரு சீற் பாமினி, மற்றது யுனிகோட் எண்டு நிண்டால் விலுக்அப் (பட்டியலில் தேடி எடுக்கிற சூத்திரம்) ஒண்டையும் கண்டுபிடிக்காது.

பெயரை வைச்சு விலுக்அப் போட்டிருந்தால் அதை இப்பவே விடுங்கோ. எக்செல் தேடேக்க பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. பாமினியில் பவனுக்கும் புவனுக்கும் வித்தியாசம் ஒரு பெரிய எழுத்துத்தான். எக்செல்லுக்கு இரண்டு பேரும் ஒராள், பட்டியலில் முதலில் நிக்கிறவரின்ர சம்பளம் இரண்டு பேருக்கும் வரும். ஆளிலக்கத்தை வைச்சுத் தேடுங்கோ.

கணக்குப்பிள்ளை:

ஓட்டோகரெக்ற் நிற்பாட்டியாச்சு. இனி ஒண்டுதான் மிச்சம். சம்பளத் துண்டு டொட் மற்றிக்ஸ் பிறின்ரரில் அச்சடிச்ச படிவத்தில் விழுகிறது. புது வெற்றுக் கோப்புக்கு சீற்றைக் கொப்பி பண்ணினால் கட்டங்களுக்கு வெளியே போகுது. அகல எண் அதே எண்தான்.

தட்டாதெரு:

நிரல் அகல எண் மில்லிமீற்றர் அல்ல. கோப்பின் நோர்மல் ஸ்ரைலில் உள்ள எழுத்துருவில் எத்தனை பூச்சியம் அந்த நிரலுக்குள் கொள்ளும் என்ற கணக்கு அது. 2003 இல் நோர்மல் ஏரியல் 10, 2007 இலிருந்து 2021 வரை கலிப்ரி 11. ஆகவே ஒரே எண், வேறு அகலம். வெறும் நிரையின் உயரமும் 12.75 இலிருந்து 15 ஆகியிருக்கும், பக்கத்தின் கீழ்ப்பாதி இறங்குவது அதனால்தான்.

வெற்றுக் கோப்பைத் திறந்தவுடன், எதையும் ஒட்டுவதற்கு முன், ஹோம் > செல் ஸ்ரைல்ஸ் > நோர்மலில் வலது கிளிக் > மொடிஃபை > ஃபோர்மற் போய் ஏரியல் 10 ஆக்குங்கள். பிறகு ஒட்டி, பேஸ்ற் ஸ்பெஷலில் கொலம் விட்த்ஸும் ஒருமுறை. பேஜ் லேயவுட்டில் ஸ்கேலிங் 100 வீதத்தில் நிற்க வேண்டும், ஒரு பக்கத்துக்குள் அடக்கு என்ற தெரிவு இருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் துண்டை வெள்ளைத்தாளில் அடித்து, படிவத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், அரை வரி விலகல் மிச்சம் இருந்தால் மேல் மார்ஜினில் தீர்க்கலாம்.